தென்னாப்பிரிக்காவில் குளிர்கால டயர்: யாருக்குத் தேவை, எப்படி மாட்டுவது, எங்கே வைப்பது

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் லெனேசியாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாதத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு, சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய் வருகிறவர். 2024 செப்டம்பர் பனியில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் ஒரு ராத்திரி முழுக்கப் பிள்ளைகளோடு காருக்குள் உட்கார்ந்திருந்தாராம். ஜெர்மனியில் இருக்கும் மச்சான், குளிர்கால டயர் போட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது என்கிறார். வருகிற ஜூலையில் பிள்ளைகளுக்குப் பனி காட்ட லெசோத்தோ மலைக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது. எந்த டயர் வாங்குவது, எப்படி மாட்டுவது, வெயில் மாதங்களில் அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டயர் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நான்கு குளிர்காலம் இதே வேலை பார்த்தேன். அங்கே அக்டோபர் வந்தால் காலை ஆறு மணியில் இருந்து ராத்திரி வரை டயர் மாற்றுவதுதான் வேலை. அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. உங்கள் ஓட்டத்துக்கு நான் குளிர்கால டயர் போடச் சொல்ல மாட்டேன். வருஷத்தில் எந்தச் சாலையில் எத்தனை நாள், என்ன வெப்பநிலையில் ஓடுகிறோமோ அதைப் பார்த்துத்தான் டயர் வாங்க வேண்டும். ஒரு நாள் பனியில் மாட்டிக்கொண்ட பயத்தில் வாங்கினால் மிச்ச முந்நூறு நாளும் தப்பான டயரில் ஓடுவீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

குளிர்கால டயர் என்றால் பனிக்கான டயர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது குளிருக்கான டயர். சாதாரண டயரின் ரப்பர் வெயிலில் பதமாக இருக்கும். குளிரக் குளிர விறைத்துப்போகும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே அதன் பிடிப்பு இறங்கத் தொடங்கும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. உறைகிற குளிரிலும் அது வளைந்துகொடுக்கும். ஒரு குளிர்கால டயரைக் கையில் எடுத்து, நாம் பட்டன் என்று சொல்கிற ட்ரெட் கட்டைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். அழுத்தினால் அந்த வெட்டுகள் வாய் திறக்கும். சாலையில் சக்கரம் உருளும்போது அதுதான் நடக்கிறது. நூற்றுக்கணக்கான சின்ன விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்ளும். அது கெடுதல் இல்லை. பனியோடு பனி ஒட்டும் என்பதால் அந்த அடைப்பே பிடிப்புக்கு உதவுகிறது.

இந்த மென்மைதான் நம் ஊர் வெயிலில் எதிரியாகிறது. பிப்ரவரியில் டர்பன் கடற்கரைச் சாலையில் தார் கொதிக்கும்போது இதே ரப்பர் குழைந்துபோகும். திருப்பத்தில் வண்டி நீச்சல் அடிப்பது போல இருக்கும். பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். தேய்மானமும் வேகமாக நடக்கும். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். உங்கள் ஓட்டத்தின் ஒரு முனை ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்டு மேட்டுநிலம், இன்னொரு முனை கடற்கரை. ஜூலை மாதத்தில் கூட டர்பனில் பகலில் 20 டிகிரியைத் தாண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் விடியற்காலையில் உறைபனி இருக்கும்தான். ஆனால் ஹைவெல்டில் குளிர்காலம் மழை இல்லாத காலம். பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிச் சாலை காய்ந்து கிடக்கும். காய்ந்த சாலையில் நல்ல சாதாரண டயர் போதும். நகரத்துக்குள் பனி விழுவதே அபூர்வம். 2012 ஆகஸ்டில் விழுந்தது, பிறகு 2023 ஜூலையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு ஊரே வாசலில் வந்து நின்றது.

அப்படியானால் 2024 செப்டம்பர்? 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கியது. மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பாரம்பரிய தின விடுமுறை வேறு என்பதால் பலர் சேர்த்து விடுப்பு எடுத்துக் கிளம்பியிருந்தார்கள். படையலுக்கு ஊர் போய்ச் சேர நினைத்த நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஹாரிஸ்மித்துக்கும் வான் ரீனனுக்கும் நடுவில் வண்டியிலேயே ராத்திரியைக் கழித்தார்கள். உயிரிழப்பும் நடந்தது. அந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள். கனரக லாரிகள் ஏற்றத்தில் வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டன. அவற்றுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கார்கள். உங்கள் காரில் உலகத்திலேயே நல்ல குளிர்கால டயர் இருந்திருந்தாலும் முன்னால் நிற்கிற லாரியைத் தாண்டிப் போயிருக்க முடியாது. பனி முழங்காலுக்கு மேலே வந்துவிட்டால் காரின் அடிவயிறு பனியில் உட்கார்ந்துவிடும். டயர் காற்றில் சுற்றும். அன்றைக்கு உதவியிருக்கக்கூடியது இரண்டு: பனி எச்சரிக்கை வந்ததும் கிளம்பாமல் இருப்பது, கிளம்பிவிட்டால் ஹாரிஸ்மித்திலேயோ இந்தப் பக்கம் எஸ்ட்கோர்ட்டிலேயோ வண்டியை ஓரம் கட்டிவிடுவது.

மே மாதம் தொடங்கி அக்டோபர் பாதி வரைக்கும் டிக்கியில் ஆளுக்கு ஒரு கம்பளி, தண்ணீர், பிஸ்கட், டார்ச், போனுக்குச் சார்ஜர், ஒரு சின்ன மண்வெட்டி இருக்கட்டும். வண்டி நின்றுபோய் ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடுகிறீர்கள் என்றால், அடிக்கடி இறங்கிப் பின்னால் போய் புகைக்குழாயைப் பனி மூடாமல் தள்ளிவிட வேண்டும். அது மூடினால் புகை உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிள்ளைகளோடு போகிறவர் என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் இந்த நாட்டில் குளிர்கால டயர் யாருக்குத்தான் தேவை? லெசோத்தோ மலைமேல் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு. 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற லெட்செங் வைரச் சுரங்கத்துக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர்கள், ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரி. ஈஸ்டர்ன் கேப்பில் பார்க்லி ஈஸ்ட், ரோட்ஸ் பக்கம் பண்ணையில் இருப்பவர்களுக்கு. மோல்டெனோ பக்கத்தில் பஃபல்ஸ்ஃபொன்டெய்னில் 2013 ஆகஸ்டில் மைனஸ் 20.1 டிகிரி பதிவானது. அந்த வட்டாரத்தில் காலை ஐந்து மணிக்கு வண்டி எடுக்கிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன். இவர்களிலும் பெரும்பாலோர் ஓட்டுவது இங்கே பக்கி என்று சொல்கிற பிக்கப் வண்டி. அதற்கு மலைப் பாதைக்கான ஆல் டெரெயின் டயர்களிலேயே கடும்பனிக்குச் சோதித்து முத்திரை வாங்கியவை கிடைக்கின்றன. அதுதான் அவர்களுக்கு நடைமுறையில் சரிப்பட்டு வரும். கார்களுக்கான அசல் குளிர்கால டயரை இங்கே கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். சொல்லி வரவழைக்க வேண்டும். காத்திருக்க வேண்டியதும் விலையும் இரண்டும் அதிகம்.

முத்திரை என்றேனே, அதைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துளிப் பூவும் வரைந்திருக்கும். அது இருந்தால் பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயர். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை நம்பி மலை ஏறாதீர்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று கம்பெனியே போட்டுக்கொள்ளும் எழுத்து அது. சோதனை எதுவும் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் தேதியில் இருந்து, பனி கிடக்கும் சாலையில் அந்த எழுத்து மட்டும் உள்ள டயர் செல்லாது. மலை முத்திரை இருந்தே ஆக வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்கால டயர் போட வேண்டும் என்று சட்டமே இல்லை. அதனால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்பார் யாரும் இல்லை. நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஆல் சீசன் டயர் என்று ஒன்று இருக்கிறது. மலை முத்திரை உள்ள ஆல் சீசன், ஹாரிஸ்மித், அண்டர்பர்க் மாதிரி ஊர்களில் குடியிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பனி பார்க்கிறவருக்கு நல்ல தீர்வு. வருஷம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். வெயிலில் சாதாரண டயர் அளவுக்கு நிற்காது, கடும்பனியில் அசல் குளிர்கால டயர் அளவுக்குப் பிடிக்காது. அது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

வாங்குவது என்று முடிவானால் அளவு பார்ப்பது எப்படி? உங்கள் டயரில் 195/65 ஆர்15 91 எச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். 15 அங்குல ரிம். 91 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. குளிர்கால டயரில் வேக எழுத்து கொஞ்சம் குறைந்து டி (T), அதாவது 190 என்று இருந்தாலும், இந்த ஊரில் 120க்கு மேல் போகக் கூடாது என்பதால் ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் பாரக் குறியீட்டை மட்டும் ஒரு எண் கூடக் குறைக்காதீர்கள். ஐந்து பேரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ வண்டிப் புத்தகத்திலோ உங்கள் காருக்கு அனுமதித்த அளவுகள் எல்லாம் இருக்கும். அதில் குறைந்த அகலம் உள்ளதைக் குளிருக்கு எடுப்பது நல்லது. ஒடுக்கமான டயர் பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். அகலமானது பனிமேல் மிதக்கப் பார்க்கும்.

வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் வருஷத்து 23ஆவது வாரம். குளிர்கால டயருக்கு மென்மைதான் உயிர் என்பதால் வயதானால் பட்டன் நிறைய இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆறு வருஷத்துக்கு மேற்பட்டதை நான் யாருக்கும் மாட்டிக் கொடுக்க மாட்டேன். ஐரோப்பாவில் இருந்து வந்தது, கொஞ்சம்தான் ஓடியது என்று சொல்லி யாராவது பழைய டயர் தந்தால் வாங்காதீர்கள். உள்ளே நார் அறுந்திருப்பதும் பஞ்சர் ஒட்டிய இடமும் வெளியே தெரியாது.

பட்டன் ஆழம்: புதுக் குளிர்கால டயரில் 8 மில்லிமீட்டர் போல இருக்கும். 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பனிக்கு அது முடிந்தது. இந்த நாட்டுச் சட்டம் 1 மில்லிமீட்டர் வரை விடுகிறது. ஈரச் சாலையிலேயே அது மொட்டை டயர்தான். சட்டத்தை நம்பி அதுவரை ஓட்டாதீர்கள். சாதாரண டயரையும் 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்வது என் வழக்கம்.

இனி மாட்டும் விஷயம். நாலும் போட வேண்டும், நாலும் ஒரே ரகமாக. முன் சக்கரம் இழுக்கிற வண்டிதானே, முன்னால் இரண்டு போதும் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கினால் என்ன ஆகும்? இறக்கத்தில் பிரேக் போட்ட நிமிஷத்தில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். வண்டி தட்டாமாலை சுற்றும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிற்பதற்கு டயர் மட்டும்தான்.

டயருக்குத் தனியாக இரண்டாவது செட் ரிம் வாங்குவது புத்திசாலித்தனம். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரே ரிம்மில் கழற்றி மாட்டினால் டயரின் ஓரக்கம்பி ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. சாதாரண இரும்பு ரிம் போதும். ஆனால் போல்ட் ஓட்டைகளின் வட்டம், நடு ஓட்டை, ரிம் உள்ளே தள்ளி உட்காரும் அளவு மூன்றும் உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டும். அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் போல்ட் வேறாக இருக்கலாம்; உட்காரும் இடம் சிலதில் கூம்பு, சிலதில் உருண்டை. மாற்றிப் போட்டால் இறுகினது போலவே தெரியும், ஓட ஓடக் கழலும். காற்று அளவைச் சொல்லும் சென்சார் பழைய ரிம்மில் இருந்தால் புது ரிம்முக்கும் அது வேண்டும், இல்லாவிட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் அந்தத் திசையில் உருள வேண்டும். இடப்பக்க டயர் இடப்பக்கம்தான். அம்பு இல்லாமல் வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கிற ரகமும் உண்டு. அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். தலைகீழாக மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் உள்ளே இழுக்கும். நாலு சக்கரமும் பேலன்சிங் ஆகாமல் கடையை விட்டு வராதீர்கள்.

வீட்டிலேயே சக்கரம் மாற்றுகிறவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் தெரியும். அந்த வட்ட முகத்தில் துரு செதில் செதிலாக நிற்கும், டர்பன் உப்புக்காற்றில் ஓடுகிற வண்டியில் ரொம்பவே. இரும்பு பிரஷ்ஷால் அதைப் பளபளவென்று தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுத்தான் ரிம்மை வைக்க வேண்டும். ஒரு செதில் நடுவில் நின்றாலும் ரிம் சாய்ந்து உட்காரும். மறுநாள் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும், பேலன்சிங் சரியில்லை என்று கடைக்குப் போவீர்கள். கோளாறு பேலன்சிங்கில் இருக்காது. அப்புறம் போல்ட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். கையால் முதலில் மரை ஏற்றி, எதிரெதிராக நட்சத்திரம் போடுவது போல இறுக்கி, சக்கரம் தரையைத் தொட்டபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு முடிக்க வேண்டும். அநேகச் சின்னக் கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் பாருங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில், நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் டயர் மாற்றினேன். காற்றுத் துப்பாக்கியை வைத்துக் கிர்ர் என்று முடுக்கிவிட்டார்கள், ரெஞ்ச் எடுக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து எஸ்ட்கோர்ட் தாண்டி ராத்திரி ஒன்பது மணிக்குப் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, போல்ட் அசையவில்லை. ஸ்பானர்மேல் ஏறி நின்று குதித்தேன். மூன்றாவது போல்ட்டின் தலை உருண்டுவிட்டது. வீட்டுக்காரி காருக்குள் உட்கார்ந்திருக்க, மீட்பு வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் சாலை ஓரத்தில். அன்றைக்குப் பிறகு நான் எந்த வண்டியையும் துப்பாக்கியால் மட்டும் முடுக்கி அனுப்பியது கிடையாது. நீங்களும் கடையில் நின்று, கடைசி இறுக்கம் ரெஞ்சில்தானா என்று கண்ணால் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காற்றுக்கு வருவோம். 10 டிகிரி குளிர்ந்தால் டயரில் சுமார் 0.1 பார், அதாவது ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். மலைமேல் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். மனக்கணக்கு போட வேண்டாம். போய்த் தங்கிய இடத்தில், மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து, அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுமை நிறைய இருந்தால் அதே அட்டையில் இருக்கும் முழுச் சுமை அளவுக்கு. பனியில் பிடிக்கட்டும் என்று காற்றைக் குறைக்கிற வழக்கம் மணலுக்கு உரியது. தார்ச்சாலையில் அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் ஜூலைப் பயணத்துக்கு வருகிறேன். லெனேசியாவில் இருந்து ஃபூரிஸ்பர்க், கலடான்ஸ்பூர்ட் எல்லை, புத்தா புத்தே, அங்கிருந்து மொடெங் கணவாய், ஆக்ஸ்போ, பிறகு ஆஃப்ரிஸ்கி இருக்கும் மஹ்லசேலா. தார்ச்சாலைதான். ஆனால் ஏற்றமும் வளைவும் கடுமை, கடைசிப் பகுதி 3,000 மீட்டருக்கு மேலே. நிழல் விழுகிற வளைவுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஐஸ் கிடக்கும். ஈரம் மாதிரிதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை இந்தப் பாதைக்குப் போவதற்காக நாலு டயர் வாங்க வேண்டாம். பட்டன் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத உங்கள் டயர்களோடு, சக்கரத்துக்குப் போடும் பனிச்சங்கிலி ஒரு ஜோடி வாங்குங்கள். முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால் மாட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். சில கார்களில் டயருக்கும் பிரேக் ஹோஸுக்கும் நடுவில் சங்கிலி ஓட இடம் இருக்காது. வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காமல் டிக்கியில் போட்டுவிடாதீர்கள். வீட்டு வாசலில், வெயிலில், கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். மைனஸ் ஐந்தில் விரல் மரத்துப்போனபின் பழக முடியாது. மாட்டி நூறு அடி ஓட்டி, இறங்கி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பனி தீர்ந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியும் போகும் டயரும் போகும்.

லெசோத்தோவுக்குச் சானி கணவாய் வழியாகப் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் இருந்து ஏற நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். காரில் போகாதீர்கள்.

கடைசியாக, வைத்திருப்பது. இதை மலைப்பக்கம் இருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். எப்போது மாட்டி எப்போது கழற்றுவது? ஜெர்மனியில் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று ஒரு சொலவடை உண்டு. அதை இங்கே அப்படியே தலைகீழாக்கினால் தவறும், நம் மலைகளில் பனி செப்டம்பரிலும் கொட்டும். வைகாசி பிறந்ததும் மாட்டி, புரட்டாசி கடைசிச் சனி முடிந்ததும் கழற்றுங்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்வேன். நினைவில் நிற்கும்.

கழற்றும்போதே சாக்பீஸால் உள்பக்கம் எழுதிவிடுங்கள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. அடுத்த வருஷம் முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டால் தேய்மானம் சமமாகும். அம்புக்குறி உள்ளதைப் பக்கம் மாற்றக் கூடாது. பள்ளங்களில் மாட்டிய கல்லை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய வைக்க வேண்டும். பளபளப்புக்குப் பூசும் எண்ணெய் எதுவும் வேண்டாம், பெட்ரோல் வகை எண்ணெய் ரப்பரைத் தின்னும்.

வைக்கிற இடம் இருட்டாக, குளுமையாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் தகரக் கூரை போட்ட கராஜில்தான் எல்லாமே கிடக்கும். ஜனவரியில் மத்தியானம் அந்தக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். ரப்பருக்கு அது அடுப்பு. அதோடு லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் அதே மூலையில் இருக்கும். பெட்ரோல் ஆவி ரப்பரைக் கெடுக்கும். ஓடுகிற மின் மோட்டார், வெல்டிங் மெஷின் பக்கத்தில் ஓசோன் வாயு உண்டாகும், அது பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு விழவைக்கும். வீட்டுக்குள் சாமான் அறையில் ஒரு மூலை கிடைத்தால் அங்கே வையுங்கள். தரையில் பலகை போட்டு அதன்மேல். பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒவ்வொன்றையும் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைக் கட்டினால் இன்னும் நல்லது.

ரிம்மோடு இருந்தால் காற்று அடித்த நிலையிலேயே ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், ஆணியில் தொங்கவிடலாம். ரிம் இல்லாத வெறும் டயர் என்றால் நிற்க வைத்து, மாதம் ஒரு முறை கொஞ்சம் உருட்டிவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் தட்டையாகும். வெறும் டயரைத் தொங்கவிட்டால் ஓரக்கம்பி கோணிப்போகும். வெளியே வாசலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெயில் ஒரு பக்கம், மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுவது இன்னொரு பக்கம்.

தம்பி, ஜூலைக்குக் கிளம்புவதற்கு முன் உங்கள் நாலு டயரின் பட்டன் ஆழத்தையும் டி.ஓ.டி. கடைசி நாலு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து. அதன் காற்றை எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துவிட்டு எதை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.